விற்கிற ஊறுகாய்க்கு விலாசம் வேண்டும்

வீட்டில் செய்து விற்பது நம் பெண்களுக்குப் புதிதில்லை. அப்பளம், வடாம், பருப்புப்பொடி, மாவடு என்று தெருவுக்குத் தெரு ஒரு கைமணம் இருந்தது. வாங்கியவர்கள் அடுக்களை வரைக்கும் வந்துபோகிறவர்கள். என்ன எண்ணெய், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று அவர்களுக்கே தெரியும். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுகிறவர் கோவையிலோ பெங்களூரிலோ இருக்கிறார். நம் அடுக்களையை அவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அவருக்காகத்தான் சட்டம். இது மனதில் பட்டுவிட்டால் மற்றவை தொல்லையாகத் தெரியாது.

“நாலு பாட்டில் ஊறுகாய்க்கு லைசென்ஸா?” என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அளவு சின்னது என்பதற்காக விலக்கு கிடையாது. வழி சுலபம், அவ்வளவுதான். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வெறும் பதிவு போதும் என்றன. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். இப்படிப்பட்ட வரம்புகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கிற அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபோஸ்காஸ் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கிற 14 இலக்க எண் உங்களுக்கு மட்டும் உரியது. பக்கத்து வீட்டுக்காரியின் எண்ணை வாங்கி ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் புடவை இரவல் வாங்குவது போன்ற காரியமா இது?

லேபிளில் நம் பெண்கள் பூப்படம் போடுகிறார்கள், அம்மன் பெயர் போடுகிறார்கள், போட வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். எடை, விலை, தயாரித்த தேதி, கெடு தேதி, தொகுப்பு எண், விலாசம், சைவத்துக்குப் பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும். ஒவ்வாமை தரும் பொருளையும் சொல்ல வேண்டும். வேர்க்கடலை, பால், முந்திரி என்றால் யாருக்கும் புரியும். பலரும் கோட்டை விடுவது பெருங்காயத்தில். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கோதுமை ஆகாத ஒருவர் உங்கள் பருப்புப்பொடியை நம்பித்தான் சாப்பிடுவார்.

‘மடியாகச் செய்தது’ என்று விளம்பரம் வேறு செய்கிறார்கள். எனக்கு அதில் மரியாதை இல்லை. மடி என்கிற ஆசாரம் வேறு, சுத்தம் வேறு. குளித்துவிட்டு வந்தவள் விரலில் புண் இருந்தால் மாவு பிசையக் கூடாது. வயிற்றுப்போக்கு இருக்கிறவர், காய்ச்சலில் கிடக்கிறவர் அன்று அடுக்களைப் பக்கம் வரக் கூடாது. விதிகள் கேட்பது நறுக்கிய நகம், கட்டிய தலைமுடி, நல்ல தண்ணீர், மூடிய குப்பைத்தொட்டி. யார் எந்தச் சாதி என்று அதில் ஒரு வரியும் இல்லை.

முறுக்கு சுட்ட எண்ணெயைக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சாதீர்கள். அதற்கும் சட்டத்தில் அளவு உண்டு. பலகாரத்தைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது, அச்சு மை எண்ணெயில் இறங்கும். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: வீட்டுக்கென்று கொடுத்த சிவப்பு சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிக்கக் கூடாது. அதற்கு 19 கிலோ சிலிண்டர் தனியாக இருக்கிறது. விலை கணக்குப் போடும்போது அதையும் சேருங்கள். உங்கள் கைக்கூலியையும் சேருங்கள். ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்’ என்று கூலியை விடுகிறவள் ஒரு வருஷத்தில் கடையை மூடிவிடுவாள்.

கெடு தேதியை எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். பெரிய கம்பெனி பாட்டிலைப் பார்த்து எழுதாதீர்கள். அவர்கள் பதனப்பொருள் சேர்த்திருப்பார்கள். பொடி என்றால், மிளகாய், பருப்பு வறுத்ததும் தட்டில் பரப்பி ஆறவிட்டு அரையுங்கள். அரைத்த பிறகும் ஆறவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்க்கும். பூஞ்சைக்கு அந்த ஈரம் போதும். ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் ஒரு சின்ன பாட்டிலை விற்காமல் எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து மோந்து, நாக்கில் வைத்துப் பாருங்கள். எப்போது சிக்கு வாடை தட்டுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். அதற்கு நன்றாக முன்னால் ஒரு தேதியைப் போடுங்கள். நிச்சயம் வேண்டுமென்றால் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

அதே நோட்டில் தொகுப்பு எண்ணுக்கு எதிரே அந்த பாட்டில்கள் யார் யாருக்குப் போயின என்றும் குறித்துக்கொள்ளுங்கள். “பொடி ஒரு மாதிரி இருக்கிறதே மாமி” என்று ஒரு போன் வந்தால், செவ்வாய்க்கிழமை அரைத்ததை மட்டும் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிடலாம். நோட்டு இல்லாவிட்டால் அந்த மாதம் வாங்கிய அத்தனை பேரையும் கூப்பிட வேண்டியிருக்கும்.