வால்வு ஆம்ப் வாங்கலாமா?

வால்வு ஆம்ப்ளிஃபயர் மீது ஆசைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை.

சேனலுக்கு ஒரே ஒரு 300பி வால்வு கொண்ட ஆம்ப் தருவது சுமார் 8 வாட். 98 டெசிபல் சென்சிடிவிட்டி கொண்ட ஹார்ன் ஸ்பீக்கருக்கு அது தாராளம். 86 டெசிபல் ஸ்பீக்கரோ, அதே சத்தத்துக்குச் சுமார் 16 மடங்கு பவர் கேட்கும். 1953இல் இங்கிலாந்தில் வந்த குவாட் 2 வால்வு ஆம்ப்பும் வெறும் 15 வாட்தான்.

வால்வு ஒலியில் ரசிகர்கள் சொல்லும் 'இதம்' பிரமையல்ல; பெரும்பாலும் இரண்டாம் ஹார்மானிக் சிதைவின் வேலை.

செலவு வாங்குவதோடு முடியாது. பவர் வால்வுகள் சில ஆயிரம் மணி நேரத்தில் தேயும், அறை சூடேறும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

சென்சிடிவிட்டி குறைந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர் முதலில் ஸ்பீக்கரை மாற்றட்டும், வால்வு அப்புறம்.