ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பட்டம் எதற்கு?



தை, மாசி மாதங்கள் பிறந்துவிட்டால் லவாலில் உள்ள எமது வீடுகளில் ஒரே பேச்சுத்தான். சீஜெப் படிப்பை முடிக்கும் பிள்ளை பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது? மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வரிசையில் இல்லாத ஒன்றைப் பிள்ளை சொல்லிவிட்டால் வீடு இரண்டுபட்டுப் போகும். அப்படி இரண்டுபட்ட ஒரு வீடு எனது தங்கையின் வீடு. அதற்குக் காரணமான படிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

எனது மருமகள் இங்கேயே பிறந்தவள். 1977ஆம் ஆண்டின் நூற்றியோராம் சட்டப்படி, எமது பிள்ளைகள் பெரும்பாலோரைப்போல அவளும் பிரெஞ்சுப் பாடசாலையில் படித்தாள். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, தோழிகளோடு ஆங்கிலம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஆங்கில மொழியையும் மொழியியலையும் முக்கிய பாடங்களாக எடுத்துப் பி.ஏ. படிக்கப்போவதாக அறிவித்தாள்.

தங்கை என்னிடம் ஓடிவந்தாள். “அண்ணா, இங்கிலிஷ் நல்லாய்க் கதைக்கிற பிள்ளைக்கு இங்கிலிஷிலை பட்டம் எதுக்கு? நீங்கள் டொக்டர், நீங்கள் சொன்னால் கேட்பாள்” என்றாள்.

மருமகளை அழைத்து, அப்படி அதில் என்னதான் படிக்கப்போகிறாய் என்று கேட்டேன். “மாமா, பம்பரம் எண்டு சொல்லுங்கோ” என்றாள். சொன்னேன். “இரண்டு தரம் ‘ப’ வந்தது. இரண்டும் ஒரே சத்தமா?” என்று கேட்டாள். மறுபடி சொல்லிப் பார்த்தபோது, முதல் எழுத்து வல்லோசையாகவும், ‘ம்’ என்ற எழுத்தை அடுத்து வருவது தொண்டை அதிரும் மெல்லிய ஓசையாகவும் ஒலிப்பது தெரிந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆங்கிலத்திலோ வேறு வேறு எழுத்து. ஓசை மாறினால் பொருளும் மாறிக் குண்டூசி குப்பைத்தொட்டி ஆகிவிடும். “உங்களுக்கு இதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஒருநாளும் பிழைவிட மாட்டீங்கள். சொல்லித் தராமலே தெரிந்த இந்தச் சட்டங்களைத் தேடிப் பிடிக்கிறதுதான் மொழியியல்” என்றாள்.

உடற்கூற்றியல் படித்தவனுக்கு இது விளங்காமல் போகுமா? நடக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் முழங்காலின் அமைப்புத் தெரிவதில்லை. அதுபோல, ஆங்கிலம் பேசுவது வேறு, ஆங்கிலத்தை ஆராய்வது வேறு. ஓசை, சொல்லமைப்பு, வாக்கிய அமைப்பு, பொருள், வரலாறு என்று பிரித்துப் பிரித்துப் படிக்கிறார்கள். உதாரணமாக, ஆங்கிலத்தில் உயிரோடு நிற்கும் மாட்டுக்குப் பழைய ஆங்கிலச் சொல்லும், அதன் இறைச்சிக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லும் வழங்குவது ஏன்? 1066இல் நோர்மன் படை இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆண்டவர்களின் மொழி பிரெஞ்சு ஆனதே காரணம். பிரெஞ்சுப் பாடசாலையில் படித்த லவால் பிள்ளைக்கு இது கைவந்த பாடம்.

தமிழருக்கும் இந்தத் துறை புதிதன்று. ஒலிகள் நெஞ்சிலும் மிடற்றிலும் நாவிலும் எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றொரு தனி இயலே உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த மரி எமனோ, 1930களில் நீலகிரிக்குப் போய்த் தோடர் மொழியை ஆராய்ந்தார். 1961இல் தோமஸ் பரோவுடன் சேர்ந்து திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார்.

எமது ஊரிலிருந்து போனவரும் உண்டு. போர் நடந்த 1980களிலும் 90களின் முற்பகுதியிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் சுரேஷ் கனகராஜா. மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கிவைத்த குறிப்புகளையும் படங்களையும்கூட அவர் ஆராய்ந்தார். எம்மவர் ஆங்கிலத்தை அப்படியே விழுங்குவதும் இல்லை, வேண்டாமென்று ஒதுக்குவதும் இல்லை, தமக்கேற்ப வளைத்துக்கொள்கிறார்கள் என்று 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட நூலில் எழுதினார். பின்னர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மொன்றியல் நகரமும் இத்துறையில் பெயர்பெற்றது. 1934இல் இங்கு நரம்பியல் நிலையத்தை நிறுவிய டொக்டர் வைல்டர் பென்ஃபீல்ட், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பேச்சுக்குரிய இடங்களை அறிந்தார். மக்கில் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகிய இருவரும் மொன்றியலின் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 1962இல் முடிவை வெளியிட்டனர். இரண்டு மொழி பிள்ளையின் மூளைக்குப் பாரம் என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது. இருமொழிப் பிள்ளைகளோ நுண்ணறிவுச் சோதனைகளில் மேம்பட்டே நின்றார்கள். தமிழ் பேசினால் பிரெஞ்சு கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சென்ற மாரியில் எனது தாயாருக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டதால் வலக்கை தளர்ந்தது, பேச்சும் குழம்பியது. பேச்சுச் சிகிச்சையாளர் நல்ல பெண்மணி. ஆனால் அவருக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டுமே தெரியும். உறவினர் ஒருவர் அருகில் நின்று மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பில் கருத்துப் போய்ச் சேருமே தவிர, வாக்கியம் உடைந்த இடம் போய்ச் சேராது.

மருமகள் இரண்டு நாள் அம்மம்மாவின் கட்டிலருகே இருந்து, அவர் பேசியதை எல்லாம் அப்படியே எழுதினாள். “தம்பி… கடை… போ.” பெயர்ச்சொற்கள் நின்றன, வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் விழுந்துவிட்டன. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் கீழும் அதன் பகுதி இன்னது, காணாமற்போன உருபு இன்னது என்று ஆங்கிலத்தில் குறித்துச் சிகிச்சையாளரிடம் கொடுத்தாள். வகுப்பில் முதலாம் ஆண்டே பழக்கும் முறையாம் அது. ‘கடையிலிருந்து’ என்ற புத்தகத் தமிழைக் கொடுத்தால் அம்மம்மாவுக்கு வராது, ‘கடையாலை’ என்ற யாழ்ப்பாணப் பேச்சையே கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அதன்படி பயிற்சிகள் அமைந்தன. தாயாரின் பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை. ஆயினும் ‘கடைக்கு’, ‘கடையாலை’ என்ற வேறுபாடு சில மாதங்களில் திரும்பியது. தனக்கு வேண்டியதைக் கேட்கிறார்.

பல மொழி அறிந்த நோயாளியை அவரறிந்த ஒவ்வொரு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியவர், மக்கிலில் மொழியியல் பேராசிரியராக இருந்த மிஷெல் பராடி. அதற்கான சோதனையையும் 1980களில் வகுத்து, பின்னர் பல மொழிகளுக்கு ஏற்ப அமைக்கச் செய்தார். வேலையைச் செய்ய அந்தந்த மொழிப் பிள்ளைகள் வேண்டுமல்லவா?

பெற்றோர்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவப் பட்டம்போல இந்தப் பி.ஏ. உடனே ஒரு தொழிலைக் கையில் தராது. பேச்சுச் சிகிச்சையாளராக வருவதற்கு மேற்பட்டம் வேண்டும். மொழி கற்பிக்கவும் மொழிபெயர்க்கவும் மேலதிகப் பயிற்சி வேண்டும். கணினிக்குப் பேச்சுப் பழக்கும் துறைக்குக் கணிதமும் வேண்டும். ஆகையால், பிள்ளை இதைக் கேட்டால் “வேலை கிடைக்குமா?” என்பதோடு நிறுத்தாமல், “பட்டத்துக்குப் பிறகு எந்த வழியில் போக நினைக்கிறாய்?” என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையைத் தடுக்க வேண்டாம் என்பது எனது தாழ்மையான கருத்து. மூன்று மொழியில் வளரும் எமது பிள்ளைகள் இப்படிப்புக்குப் பாதி ஆயத்தத்தோடுதான் போகிறார்கள்.

தங்கைக்கு இன்னமும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் மகளின் மேற்படிப்பு விண்ணப்பக் கட்டணத்தை இம்முறை கேட்காமலே கட்டிவிட்டாள்.