பெயர் சொல்லாத ஸதகா

பள்ளிவாசல் மினாராவுக்கென்றால் ஒரு ஜும்ஆவிலேயே பணம் சேர்ந்துவிடுகிறது. மனம் நொந்து அறைக்குள் முடங்கிக் கிடக்கும் வாலிபனுக்காக யார் துண்டேந்துவது? காட்டுவதற்குக் கட்டடம் இல்லை. பெயரைச் சொன்னாலோ, தங்கையின் கல்யாணப் பேச்சு நின்றுவிடுமென்று உம்மா அஞ்சுகிறாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால், கிளினிக் நாளில் பஸ் கூலிக்கும், கூடப் போகும் வாப்பா இழக்கும் நாட்கூலிக்கும் எங்கே போவது? இதனாலேயே மருந்து பாதியில் நின்றுபோன வீடுகள் உண்டு.

பிடியரிசி சேர்த்துப் பழகிய கைகள் உங்களுடையவை. வீட்டில் ஓர் உண்டியல் வையுங்கள். சேர்ந்ததை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படையுங்கள்; யாருக்கென்று மட்டும் கேட்காதீர்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மத்தை நம் மார்க்கம் உயர்த்திச் சொல்கிறதல்லவா?

ஆலோசனை தேவைப்படுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.