வேன் பேட்டரிக்கு ஒரு சாவி

ஓடாமல் நிற்கிற வண்டிக்குப் பேட்டரி எப்படித் தீர்ந்துபோகிறது? என் மனைவிக்கு இந்தச் சந்தேகம் வந்தது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும்.

எங்களிடம் இருப்பது படுக்கை, அடுப்பு, சின்ன ஐஸ்பெட்டி எல்லாம் வைத்த பழைய டீசல் வேன். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர்களோடு புரண்டு ஓய்வுபெற்ற எனக்கு மகன் வாங்கிக் கொடுத்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை, பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளோடு கேமரன் மலை என்று போய்வருவோம். மற்ற நாளெல்லாம் வேன் வீட்டோரம் சும்மாதான் நிற்கும்.

சும்மா நின்றாலும் கடிகாரம், ரேடியோ, திருட்டு எச்சரிக்கை மணி எல்லாம் துளித்துளியாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர்தானே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்: நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி, முப்பது நாளில் 36. எழுபது ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி போய்விட்டதே! அப்படியே விட்டால் ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவு இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. புதுப் பேட்டரி இன்று என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே பேட்டரியை அடியோடு துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்த முடிவு செய்தேன். அணைத்ததும் சிவப்புச் சாவி கையோடு கழன்று வருகிற வகை. மலிவானதைப் பார்த்து மயங்காதீர்கள். டீசல் எஞ்சினைக் கிளப்பும் நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதைத் தாங்கும் சுவிட்சும், பழைய கேபிளுக்குக் குறையாத தடிமனில் கேபிளும் வேண்டும்.

நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவைத் தொட்ட ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் தீப்பொறிதான். மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். நான் கழற்றியபோது நெகட்டிவ் முனையில் தடித்த கேபிளோடு மெல்லிய கறுப்பு வயர் ஒன்றும் இருந்தது. முன்பு யாரோ ரேடியோவுக்கு இழுத்தது. அதை அங்கேயே விட்டிருந்தால் சுவிட்சை அணைத்தும் மின்சாரம் அந்த வழியாகப் போயிருக்கும். அந்த நேரத்தில் யாராவது எஞ்சினைக் கிளப்பப் பார்த்தால் வயர் உருகித் தீப்பிடிக்கும். பேரப்பிள்ளைகள் தூங்குகிற வண்டி! அதையும் சுவிட்சுக்கு அப்பால் மாற்றினேன்.

எங்கள் வேனில் இரண்டு பேட்டரிகள். ஒன்று எஞ்சினுக்கு, மற்றது விளக்குக்கும் ஐஸ்பெட்டிக்கும். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் போதும் என்றார் கடைக்காரர். என் மனைவிதான் மறித்தாள். "அதை அணைத்தால் என் இன்சுலின் என்ன ஆகும்?" என்றாள். நியாயமான கேள்வி. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். எனவே இரண்டு சுவிட்சுகள் வைத்தேன். எஞ்சின் ஓடும்போது எதையும் அணைக்கக் கூடாது, ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும் என்பதை மகனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐஸ்பெட்டிச் சுவிட்சின் மேல் அவளே டேப் ஒட்டி, 'தொடாதே' என்று எழுதியிருக்கிறாள். பயணம் முடிந்து மருந்தை வீட்டுக்குள் கொண்டுபோன பிறகு அவள்தான் அதைப் பிரிப்பாள்.