மருதாணி வேலியும் மின்கலக் கத்தரியும்

மாதவரத்தில் எங்கள் தெருவில் மதில் இல்லாத வீடு இன்று எங்களுடையது ஒன்றுதான். 1987-ஆம் ஆண்டு நாங்கள் இங்கே குடிவந்தபோது பாதி வீடுகளுக்கு மதில் கிடையாது. கிளுவையும், ஆடாதோடையும், கொடுக்காப்புளியும் எல்லை காத்து நின்றன. பின்னர் ஒவ்வொருவராகச் செங்கல்லுக்கு மாறினார்கள். 2011-இல் மாதவரம் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பிறகு நிலத்தின் விலை ஏறிற்று. அங்குலத்துக்கு மதிப்பு வந்தபின் மூன்றடி அகலத்தைச் செடிக்கு விட்டுக்கொடுக்க எவருக்கு மனம் வரும்?

உமக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்பீர்களாயின், அந்தப் பெருமை என்னைச் சேர்ந்ததன்று. முகப்பில் நாற்பதடி நீளத்துக்கு நிற்கும் மருதாணி வேலி என் மனைவி வைத்தது. தஞ்சைப் பக்கத்துத் தாய்வீட்டுக் கொல்லையிலிருந்து ஐப்பசி மழையில் பென்சில் பருமனுள்ள குச்சிகளாக ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றி, இரவு இரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நட்ட குச்சிகளில் முக்கால் பங்கு தழைத்தன. 2015-இல் அவர் மௌத்தானார். வேலி நிற்கிறது.

அதற்கு வேலை மிகுதி. ஜி.என்.டி. சாலையில் இரவும் பகலும் ஓடுகின்ற சரக்கு வாகனங்களின் புழுதி எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது முதலில் அதன் இலைகளில்தான் படியும். மழை பெய்த மறுநாள்தான் வேலியின் உண்மையான நிறத்தைக் காணமுடியும். இரண்டாவது வேலை, பெருநாளுக்கு முந்திய மாலை. தெருப் பெண்பிள்ளைகள் கிண்ணங்களோடு வந்துவிடுவார்கள். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்றில்லை. ஆடி மாதத்திலும், கல்யாண வீடுகளுக்கும், மூன்று வீடு தள்ளியிருக்கும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் வந்து உருவிப்போவார்கள். ‘கேட்காமல் பறிக்காதே’ என்று நான் ஒருமுறை அதட்டியதற்கு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேலியைக் கத்தரிக்க ஒரு பெரியவர் வருவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு கைகளாலும் பிடிக்கும் நீண்ட தோட்டக் கத்தரி, ஓர் அரிவாள், ஒரு சணல் கயிறு ஆகியவற்றோடு மிதிவண்டியில் வந்து இறங்குவார். கயிற்றை இரு முனையிலும் இழுத்துக் கட்டி, அதன் மட்டத்துக்கு வெட்டிக்கொண்டே போவார். அந்தக் கத்தரியின் ஓசை காலை ஏழு மணியிலிருந்து உச்சிவேளை வரை கேட்கும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வாறு வந்தவர், 2020-இல் ஊரடங்கு வந்தபோது நின்றார். அதன் பின் கண்ணில் புரை என்று சொல்லி அனுப்பினார். வேலி இரண்டு ஆண்டுகள் தன் விருப்பம்போல் வளர்ந்து தெருவை மறித்தது. மாநகராட்சித் துப்புரவு வண்டி உரசிக்கொண்டு போகையில் ஓட்டுநர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கமுடியவில்லை.

இந்த நிலையில் 2022-இல் ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன் கம்பியில்லாமல் மின்கலத்தால் இயங்கும் வேலி கத்தரிக்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தான். இயந்திரம் பெரிய பெட்டியிலும், மின்கலம் அவன் கைப்பையிலுமாக வந்தன. உதிரியான லித்தியம் மின்கலங்களை விமானத்தின் சரக்கறைக்கு அனுப்பலாகாது, கூடவே வைத்துக்கொள்ளவேண்டும் என்பது விதியாம். தீப்பற்றினால் கண்முன்னே பற்றட்டும் என்பதுதான் அதன் பொருள் என்று அவன் சிரித்தான்.

இயந்திரத்தின் அமைப்பு வெகு எளிது. நாவிதர் கையிலிருக்கும் முடிவெட்டும் இயந்திரத்தை இரண்டடி நீளத்துக்கு இழுத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். பல் வைத்த இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன; மோட்டார் சுழல, அவை எதிரெதிராக நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஓடுகின்றன. பல்லிடையில் நுழைந்த குச்சி துண்டாகிறது. என்னுடையதில் பல்லிடைவெளி 16 மில்லிமீட்டர். அதற்குமேல் பருத்த கிளை உள்ளே நுழையாது. நுழைத்தே தீருவேன் என்று முரண்டு பிடித்தால் இயந்திரம் உறுமி நின்றுவிடும். அப்போது மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சிக்கியதை எடுக்கவேண்டும். விசையை விட்டுவிட்டோமே என்ற தைரியத்தில் விரலைக் கொண்டுபோவது மடமை. இரண்டு கைகளும் பிடித்திருந்தால் அன்றி இயங்காதபடி இரண்டு விசைகள் வைத்திருப்பதும் அந்த விரல்களை எண்ணித்தான்.

மின்கலத்தின்மேல் 20 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஐந்து சிறு கலங்கள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், ஆகக் கூடுதல் 18 தான். முழுவதும் மின்னேற்றிய புதிதில் ஒவ்வொன்றும் நான்கைத் தொட்டு நிற்பதால் இருபது என்று அச்சிடுகிறார்கள். வியாபாரம் எங்கும் ஒன்றுதான். அதில் அடங்கியுள்ள ஆற்றல் 36 வாட்-மணி. ஒரு பழைய மின்விசிறியை அரைமணி நேரம் சுழற்றும் அளவு. அவ்வளவில் என் நாற்பதடி வேலி முடிந்துவிடுகிறது. பெரியவருக்கு அரைநாள்! கம்பியில்லாத் துளைக்கருவி 1961-இலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது; 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் சந்திரனின் தரையைத் துளைக்க அத்தகைய கருவி சென்றது. எனினும் 1991-இல் ஜப்பானில் லித்தியம் அயனி மின்கலம் கடைக்கு வந்த பிறகே இந்தக் கருவிகள் கிழவர் கைக்கும் தாங்கும் எடைக்கு இறங்கத் தொடங்கின. அந்த மின்கலத்துக்கு வழிகோலிய மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுள் குடினஃப் என்பவருக்கு அப்போது வயது 97. எழுபதைக் கடந்த நான் ஓர் இயந்திரத்தைக் கற்றுக்கொள்வது இழுக்கல்ல என்று அந்தச் செய்தியைச் சொல்லித்தான் என் மகன் என்னைத் தேற்றினான்.

தேற்றவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. முதல் நாளே அது எனக்குப் பிடித்துவிட்டது. புழுதி படிந்த இலையோடு வெட்டினால் மணல் பல்லை மழுக்கிவிடும் என்று அறிந்து, முந்திய மாலையே குழாய்நீரால் வேலியைக் குளிப்பாட்டினேன். காலையில் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, கீழிருந்து மேலாக வீசி வெட்டினேன். வேலி, தச்சர் இழைத்த பலகைபோல் நின்றது. பள்ளிவாசலுக்குப் போகின்றவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். புகழ் என்பது எந்த வயதிலும் பொல்லாதது. பத்து நாளில் ஒரு துளிர் மட்டத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாயிற்று. ஒருநாள் கொண்டைக்குருவியின் கூடு ஒன்று பல்லில் பட்டு விழுந்தது. நல்லவேளையாக முட்டையில்லாத பழைய கூடு. கத்தரி பிடித்தவனுக்கு இலைக்கும் கண்ணுக்கும் ஒரு முழம் தூரம். இயந்திரம் பிடித்தவன் காண்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அன்றும் எனக்கு உறைக்கவில்லை.

2023 ஏப்ரல் 22 நோன்புப் பெருநாள். விருந்தினர் வருவார்களே, வேலி அழகாக இருக்கவேண்டுமே என்று, நான்கு நாள் முன்னதாக மறுபடியும் வெட்டினேன்.

முந்திய மாலை பிள்ளைகள் கிண்ணங்களோடு வந்தார்கள். வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குச்சிதான் இருந்தது. எஞ்சியிருந்த இலைகளும் பாதி அறுபட்டு, ஓரம் பழுப்பேறிக் கிடந்தன. பெரிய பெண் ஒருத்தி, “பரவால்ல நன்னா, நாங்க கடைல கோன் வாங்கிக்கிறோம்” என்றாள். அவள் என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்பது அப்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் பின்வீட்டுச் சிறுமியின் கை வீங்கிற்று. பூவேலைப்பாடு வரைந்த கோடுகள் அப்படியே கொப்புளங்களாக எழுந்து நின்றன. மருத்துவர் பார்த்தவுடன், “கறுப்பு மருதாணி வைத்தீர்களா?” என்று கேட்டாராம். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் சாயம் தோலுக்குச் செம்மையும் பழுப்பும்தான் தரும். அரைமணியில் கருகருவென்று பிடிக்கச் செய்யும் ஆற்றல் அதற்குக் கிடையாது. அந்தக் கறுப்புக்காகத் தலைச்சாயத்தில் சேர்க்கும் பாராஃபெனிலீன்டையமீன் என்ற இரசாயனத்தைச் சிலர் கலந்துவிடுகிறார்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை ஒவ்வாமை கண்டவர்கள் பின்னாளில் தலைச்சாயத்துக்கும் அஞ்சவேண்டியதுதான். மூன்று வாரத்தில் அவள் கை ஆறியது. தடம் நெடுநாள் தெரிந்தது. அவள் தாய் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் வேலியின் பக்கமாகப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

நான் பெரியவரைத் தேடிப் போனேன். மஞ்சம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். புரை நீக்கி, தடித்த கண்ணாடி போட்டிருந்தார். ஆட்டோவில் அழைத்துவந்து வேலியின் முன் நிறுத்தினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இன்னா பாய், வேலிக்கு கிராப்பு வெட்டி வெச்சிகீறீங்க?” என்றார்.

அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டினார். நான் நேர்ச்சுவராக வெட்டியதில் மேற்பகுதி அடர்ந்து வெயிலை மறைக்க, கீழே முழங்கால் உயரத்துக்கு இலையே இல்லை. கீழ் அகன்று மேல் ஒடுங்கியிருந்தால்தான் கீழிலைக்கும் வெளிச்சம் விழும். அவர் வெட்டிய நாளில் வேலி அப்படித்தான் இருந்தது. அதை நான் கோணல் என்று எண்ணியிருந்தேன்! இயந்திரத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தார். ஓட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிறுவனின் களிப்பு தோன்றி மறைந்தது.

“மிஷினு மேல தப்பில்ல பாய். அதுக்குக் கை வலிக்காது. எனக்கு வலிக்கும். அதான் ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி வந்தேன்.”

சற்றுக் கழித்து மேலும் சொன்னார்: “தெருப்பக்கம் நோன்புக்கு ஒரு மாசம் முன்னாலருந்து கத்தரி வெக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லி வெச்சிருந்தாங்க. வீட்டுப்பக்கம் மட்டும்தான் அப்போ வெட்டுவேன். உங்களுக்குச் சொல்லலியா?”

சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பார், நான் செய்தித்தாளில் இருந்திருப்பேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த வேலியின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வெளிப்புறத்தில் நடந்தது எப்படித் தெரியும்?

அன்றுமுதல் கணக்கு ஹிஜ்ரி மாதத்தில் ஆயிற்று. ரஜபு முடியும்போது தெருப்பக்கம் கடைசி வெட்டு. ஷஃபானும் ரமலானும் விட்டுவிட வேண்டும். மருதாணி துளிர்த்து இலை கொழுக்க இரண்டு மாதமாவது தேவை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவாதலால் பெருநாள் பருவங்களினூடே பின்னோக்கி நகர்கிறது. 2000-ஆம் ஆண்டு சனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக நோன்புப் பெருநாள் இருமுறை வந்தது. வடகிழக்குப் பருவமழை குடித்த வேலி அப்போது கைகொள்ளாத இலை தந்தது. ஏப்ரலில் வரும் பெருநாளுக்கு முன்னே மழை ஏது? வாரம் இருமுறை நானே நீர் ஊற்றவேண்டும். பருத்த பழங்கிளைகளைப் பெரியவர் அரிவாளால் அடியோடு கழித்துப் புதுத் துளிருக்கு இடம் செய்தார். லின்னேயசு 1753-இல் இச்செடிக்கு இட்ட பெயரில் ‘முள்ளற்றது’ என்ற பொருள் இருக்கிறது. பழங்கிளையை அவர் கைதொட்டு வெட்டிப் பார்த்திருக்கமாட்டார். எங்கள் இருவர் கையிலும் இரத்தம்.

இப்போது பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து கயிற்றின் மட்டம் சொல்கிறார். நான் இயந்திரம் பிடிக்கிறேன். கூலி பழையபடியே. உட்கார்ந்திருப்பதற்கா கூலி என்று முதல் முறை வாங்க மறுத்தார். இத்தனை நாள் அவருக்கு எதற்காகக் கூலி கொடுத்தோம் என்பது எனக்கே அண்மையில்தான் தெரியும் என்பதால், விளக்கிச் சொல்லாமல் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்த மின்னேற்றி நனைந்து கெட்டது. புதியது வரும்வரை அவருடைய கத்தரிக்கு எண்ணெயிட்டு நானே வெட்டினேன். பத்தடி போவதற்குள் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. இப்போது மின்னேற்றி பரண்மேல் இருக்கிறது.

2024 ஏப்ரல் 11 பெருநாள். முந்திய மாலை தெருப்பக்கம் வேலி சீப்பு காணாத தலைபோல் நின்றது. உச்சியில் இரண்டு மூன்று கொத்து வெண்பூவும் இருந்தது. கிண்ணங்கள் வந்தன. எல்லாருக்கும் பின்னால் அந்தச் சிறுமி தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் ஒரு பிடி இலைதான் பறித்தார். அம்மியில் அரைத்து, முதலில் சுண்டுவிரல் நுனியில் மட்டும் வைத்துப் பார்க்கப்போவதாகச் சொன்னார்.

சுபுஹு தொழுது திரும்பும்போது சிறுமி வேலியோரம் நின்றிருந்தாள். சிவந்த சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினாள். மறு கையில் பெரிய கிண்ணம் ஒன்று இருந்தது.