சூடு ஆகாத ஜெர்மானியம்

திருவண்ணாமலையில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த ரேடியோ மெக்கானிக்கின் கடை. மர்பி, பிலிப்ஸ் பெட்டிகளைப் பிரித்து மாட்டியே தலை நரைத்தவர். இப்போது எலக்ட்ரிக் கிதாருக்குப் பூஸ்ட் பெடலும் செய்கிறார். ரமணாசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் கேட்கப்போய்த் தொடங்கிய வேலை.

இந்தப் பெடலின் மூலவடிவம், 1960-களின் நடுவில் லண்டனில் டல்லஸ் கம்பெனி விற்ற ரேஞ்ச்மாஸ்டர். அது மிதிக்கிற பெடல்கூட இல்லை. ஆம்ப்ளிஃபயர் மேல் வைக்கிற பெட்டி. உள்ளே ஓசி44 என்ற ஒற்றை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், கைப்பிடி ரெசிஸ்டர் கப்பாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். முதல் கப்பாசிட்டரே தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும். மிஞ்சிய டிரெபிள் பெருகிப் போய் வால்வு ஆம்ப்ளிஃபயரை முட்ட, அது கரகரத்துப் பாடும். கிதார் கலைஞர்கள் ரோரி கல்லஹரும் பிளாக் சப்பாத் இசைக்குழுவின் டோனி அயோமியும் வாசித்தது இதை வைத்துத்தான்.

நம் மெக்கானிக் கையில் இருப்பது ஏசி128 டிரான்சிஸ்டர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தது. பழைய ரேடியோ போர்டுகளிலிருந்து கழற்றியது. சர்க்யூட்டைப் பார்த்து யாரும் ஒரு சாயங்காலத்தில் சால்டர் வைத்துவிடலாம். டிரான்சிஸ்டரைப் பொறுக்கி எடுப்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஒன்றை மீட்டரில் செருகி, "லேசா பிடிச்சுப் பாருங்க சார்" என்றார். பிடித்தேன். எண் மடமடவென்று ஏறியது. விட்டதும் இறங்கவே மாட்டேன் என்றது.

"உங்க விரல் சூடுதான். இதுக்கு அதுவே ஜாஸ்தி."

ஜெர்மானியத்தில் கரண்ட் கசியும். சூடு 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சாதா மீட்டர் அந்தக் கசிவையும் சேர்த்து கெயின் (பெருக்கம்) என்று காட்டிவிடும். அதனால் டிரான்சிஸ்டரின் பேஸ் காலை இணைக்காமல் முதலில் கசிவை மட்டும் அளக்கிறார். பிறகு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டரை பேஸில் கொடுத்து, மறுபடி அளந்து, கசிவைக் கழிக்கிறார். 70-க்கும் 100-க்கும் நடுவே நின்றால் பெடலுக்கு. மற்றவை ரேடியோ ரிப்பேருக்கு. சால்டர் வைக்கும்போதும் காலை நோஸ் பிளையரால் கவ்விக்கொள்கிறார். சூட்டை பிளையர் வாங்கிக்கொள்ளும்.

டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 7 வோல்ட் நிற்க வேண்டும். அக்கினித் தலத்தில், அதுவும் சித்திரையில், அது லேசில் நிற்குமா? பயாஸ் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு பிரீசெட்டைப் போட்டு, உச்சிவெயிலில் உட்கார்ந்து திருகி வைக்கிறார்.

சோதிக்க அவருக்கு ஆம்ப்ளிஃபயர் கிடையாது. பழைய வால்வு ரேடியோவின் பின்னால், கிராமபோனுக்கென்று விட்ட ஓட்டையில் செருகுகிறார். கிதாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு விலகி சுத்தமாகிறது, ஏற்றினால் கத்துகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மானியத்தின் மாயம் என்று சொல்லி ஏற்றும் விலையில் பாதி வியாபாரப் பேச்சு என்பது என் எண்ணம். வெயிலில், திறந்த மேடையில் வாசிப்பவருக்கு சிலிக்கான் பெடலே உத்தமம்.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோ கிடந்தால், பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுங்கள்.