அண்ணையின் கணக்குக் கொப்பி

2011ஆம் ஆண்டு. முள்ளியவளைக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தோம். ரொறன்ரோவில் இருந்த அண்ணை, பெரியம்மாவின் மகன், என் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினார். "தம்பி, வயல் உன்ரை பொறுப்பு" என்றார் போனில். வயல் போய்விடுமோ என்ற அவருடைய பயம் நியாயமானது. வேறொருவர் பத்து வருடம் எதிரிடையாக ஆண்டால் உறுதிக்காணியும் கைமாறிவிடும். 1983 மே முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காத விசேட சட்டம் 2016இல்தான் வந்தது.

அற்றோணிக் கடதாசியைக் காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்தேன். நாளடைவில் இரண்டும் ஒன்றென்றே மனம் எண்ணிக்கொண்டது.

நாலு ஏக்கரையும் காலபோகக் குத்தகைக்கு விட்டேன். முதல் இரண்டு வருடக் காசு தனியாக வங்கியில் கிடந்தது. மூன்றாம் வருடம் மகளின் கம்பஸ் செலவுக்கு அதில் கைவைத்தேன். திருப்பி வைத்தேன், ஆனால் முழுதாக அல்ல. எழுதியும் வைக்கவில்லை. அண்ணை ஒருநாளும் கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

2017 ஆவணியில் அவர் காலமானார். அந்தியேட்டி முடிந்து மழைக்கு முன் குத்தகைக்காரப் பொடியன் கடதாசியோடு வந்தான். வழக்கம்போல அண்ணைக்காக ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.

இதை அறிந்து, வவுனியாவில் இருந்த அண்ணையின் தம்பி கொதித்தெழுந்தார். பரம்பரைக் காணி, தனக்கும் பங்குண்டு என்றார். இருவருமாகச் சட்டத்தரணியிடம் போனோம். இளம் பிள்ளை, பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, தந்தவர் கண்மூடின அண்டைக்கே உங்கடை தத்துவமும் முடிஞ்சுது. அவர் செத்தது தெரிஞ்சுகொண்டு வைச்ச ஒப்பம் செல்லாது." மற்றவரிடம் திரும்பி, தேசவழமைப்படி பிள்ளைகள் இருக்கச் சகோதரத்துக்கு முதுசம் வராது என்றார். மரணசாதனம் இல்லாததால் மாவட்ட நீதிமன்றத்தில் நிர்வாகக் கடிதம் எடுக்கவேண்டும் என்றும் விளக்கினார். திரும்பும் வழியில் பேருந்தில் நாங்கள் இருவரும் பேசவில்லை.

அன்றிரவு நாற்பது ஒற்றைக் கொப்பி ஒன்று வாங்கி, ஆறு வருட வரவையும் செலவையும் எழுதினேன். நினைவில் இல்லாததைக் குத்தகைக்காரனிடம் கேட்டேன். எழுபதாயிரம் ரூபா குறைந்தது. அண்ணிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "பொடியன் விதைச்சுப்போட்டானோ? அவனை எழுப்பாதேங்கோ தம்பி, அறுவடை மட்டும் இருக்கட்டும்" என்றார். என் எழுபதாயிரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

2019 சித்திரையில் அந்த எழுபதாயிரத்தின் கடைசித் தவணையைக் கட்டி, கொப்பியையும் அண்ணிக்கு அனுப்பினேன். நிர்வாகக் கடிதம் கிடைத்தபின் அண்ணியிடமிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே பிள்ளைகள் சேர்ந்து ஒப்பமிட்ட புதிய அற்றோணி. அதன் கீழே அதே கொப்பி. நான் எழுதி முடித்த இடத்துக்கு அடுத்த ஒற்றையில் அண்ணியின் கையெழுத்தில் திகதி மட்டும் போட்டிருந்தது.